மறு: ஏஸ்டேபிள் சுற்றுக்கு எந்தச் சொல்?

குழுவினருக்கு வணக்கம். பிள்ளைகளுக்கான மின்னணுவியல் செய்முறை ஏட்டில் ஏஸ்டேபிள் சுற்றுக்கு, அதாவது எந்த நிலையிலும் தங்காமல் தானே மாறிமாறி ஓடும் சுற்றுக்கு, என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது. (மோனோஸ்டேபிள் ஒரே நிலையில் தங்குவது, பைஸ்டேபிள் இரண்டு நிலையில் எதிலும் தங்கக்கூடியது.)

> மோனோஸ்டேபிள் ‘ஒருநிலை’, பைஸ்டேபிள் ‘இருநிலை’ என்றால் ஏஸ்டேபிள் ‘நிலையற்ற’ என்றே இருக்கட்டுமே. வரிசையாக வருகிறது.

வரிசை சரிதான். ஆனால் ‘நிலையற்ற சுற்று’ என்று படிக்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? சாலிடர் சரியாகப் பிடிக்காமல் விட்டுவிட்டு வேலை செய்கிற சுற்று என்றுதான். 555 என்ற டைமர் சில்லில் நாம் செய்யும் பீப் கருவியோ ஒரே தாளத்தில் பிசகாமல் ஓடுவது.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். மூன்று சம மின்தடைகள் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பங்கு போடுகின்றன. 9 வோல்ட் பேட்டரி என்றால் எல்லைக்கோடுகள் 3 வோல்ட்டிலும் 6 வோல்ட்டிலும் விழும். மின்தேக்கி 6 வரை ஏறும். ஏறியதும் சில்லின் 7-ஆம் கால் (பின்) அதை வடியவிடும். 3-க்கு இறங்கியதும் மறுபடி ஏறும். ஏறும்போது 3-ஆம் காலில் மின்னழுத்தம் இருக்கும், வடியும்போது இருக்காது. ஆக இரண்டு நிலை இருக்கிறது, எதிலும் தங்குவதில்லை. அம்மாபேட்டைத் தறிவீட்டுப் பிள்ளைகளுக்குத் தறியில் ஊடைநூலைக் கொண்டு ஓடும் நாடாவைக் காட்டினாலே போதும், இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் என் பரிந்துரை ‘நிலைகொள்ளாச் சுற்று’. ‘ரிசல்ட் வரும்வரை நிலைகொள்ளாமல் திரிந்தான்’ என்று வீட்டில் பேசுவதுதானே. ஒருநிலை, இருநிலை, நிலைகொள்ளா: வரிசையும் கெடவில்லை.

> நீளம். ‘துடிப்பி’ போதாதா?

நல்ல சொல், ஆனால் ஒருநிலைச் சுற்றும் துடிப்பைத்தானே தருகிறது, பொத்தானை அமுக்கினால் ஒன்று என்று? இரண்டும் குழம்பும். ‘அலையியற்றி’ ஆஸிலேட்டருக்குப் பாடநூலிலேயே இருக்கும் பொதுப்பெயர். அதைத் தொட வேண்டாம்.

சில்லுக்கே ‘மூவைந்து’ என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனைக்கு மட்டும் என் ஓட்டு இல்லை. தமிழில் மூவைந்து பதினைந்து! தவிர, உள்ளே மூன்று 5 கிலோ ஓம் தடை இருப்பதால்தான் 555 என்ற கதையை, 1971-இல் அதை வடிவமைத்த ஹான்ஸ் கேமன்ஸிண்டே மறுத்திருக்கிறார். எண் சும்மா தேர்ந்தெடுத்ததுதானாம். சேலத்துக் கடைகளில் ‘ட்ரிபிள் ஃபைவ் ஐசி’ என்று கேட்டால்தான் கைக்கு வரும், அது அப்படியே இருக்கட்டும். பஸரும் அப்படித்தான்.

சொல் புழங்குமா என்று பார்க்க, செய்முறை ஏட்டிலிருந்து ஒரு பத்தி:

“10 கிலோ ஓம், 68 கிலோ ஓம் தடைகளோடு 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சேர்ந்தால் நிலைகொள்ளாச் சுற்று நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் தடவை துடிக்கும். பீசோ தகடு கீச்சென்று கத்தும். அதே தடைகளோடு மின்தேக்கியை மட்டும் 10 மைக்ரோஃபாரட் ஆக்கி இன்னொரு சுற்று கட்டு. அது நொடிக்கு ஒரு தடவை துடிக்கும். அதன் 3-ஆம் காலை முதல் சில்லின் 4-ஆம் காலோடு இணைத்தால் பீப்… பீப்…”

எனக்கு இடறவில்லை. (இரண்டு சுற்றுக்கும் அதே தடைகளை வைத்தது வேண்டுமென்றேதான். ஏற்காட்டு முகாமுக்குப் போனபின் ஒரு பாகம் குறைந்தாலும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். அப்புறம், சத்தம் போடாதபோதும் இந்தச் சில்லு சில மில்லி ஆம்பியர் குடிக்கும், ஸ்விட்சை மறக்க வேண்டாம். இதையே குறைந்த மின்சாரத்தில் செய்யும் சீமாஸ் (CMOS) வகையான 7555 கிடைத்தால் பேட்டரி நாள்படும்.)

பாக்கி இருப்பது ‘ரீசெட்’ எனப்படும் அந்த 4-ஆம் கால். ரீசெட்டுக்குக் கணினியில் ‘மீட்டமை’ இருக்கிறது. இங்கே அது எதையும் மீட்பதில்லை, மின்னழுத்தம் இறங்கினால் சில்லின் வாயை அடைக்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பையன் ‘வாய்ப்பூட்டு’ என்றான். எனக்குப் பிடித்திருக்கிறது. அச்சில் போடலாமா, சொல்லுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து