குயின் கன்சார்ட், குயின் டவேஜர், டவர்: தமிழில் என்ன சொல்லலாம்?

தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் நாட்டுக்கு உரியவரான எலினோர் வாழ்க்கைக் குறிப்புக்கு மூன்று சொற்கள் தேவை. அரசனை மணந்ததால் அரசியானவர் (குயின் கன்சார்ட்) துணையரசி. அரசன் இறந்தபின் அவரே (குயின் டவேஜர்) தாயரசி. கைம்மைக் காலத்துக்கென்று கணவன் ஒதுக்கும் நிலம் (டவர், dower) சீதனம். சரிதானா?

——

> துணையரசி

துணைவேந்தர், துணை முதல்வர் என்று படித்துப் பழகியவர்களுக்கு இது இரண்டாம் நிலை அரசியாகத்தான் படும். 'இணையரசி' என்றால் சேர்ந்து ஆள்பவர். பட்டத்தரசியோ பல மனைவியருள் தலைமையானவர்.

எலினோருக்கு இந்தக் குழப்பம் ஆகவே ஆகாது. 1137இல் தந்தை இறந்ததும் அக்கித்தேன் அவருடைய சொந்த உரிமையாயிற்று. அதே ஆண்டு லூயியை மணந்து பிரான்சுக்கு அரசியானார். 1152 மார்ச்சில் அந்த மணம் செல்லாதென்று தீர்ப்பானபோது அரசிப் பட்டம் போயிற்று, அக்கித்தேன் போகவில்லை. மே 18இல் ஹென்றியை மணந்தார். 1154இல் ஹென்றி அரசரானதும் இங்கிலாந்துக்கு அரசி. மணத்தால் வந்ததையும் பிறப்பால் வந்ததையும் ஒரே 'அரசி'யில் அடைத்தால், மணம் முறிந்தும் நாடு ஏன் அவரிடமே இருந்தது என்று வாசகருக்குப் புரியாது.

——

கல்வெட்டிலேயே வழி இருக்கிறது. கோனேரிராசபுரத்தில் சோழ அரசி செம்பியன் மாதேவி 'கண்டராதித்த தேவர் தேவியார்' என்று குறிக்கப்படுகிறார். யாருடைய தேவி என்பதுதான் அங்கே பதவியே. வெறும் 'தேவி' தெய்வப் பெயராகத் தோன்றும், எனவே அரசனைக் குறிக்கும் 'கோ' சேர்த்து, துணையரசிக்குப் பதில் 'கோத்தேவி'. தானே ஆள்பவர் 'ஆட்சியரசி'.

ஒரு எச்சரிக்கை: அந்தக் கல்வெட்டு மகன் உத்தம சோழன் காலத்தது. கண்டராதித்தர் இறந்த பிறகும் அதே சொல்தான். ஆகவே டவேஜருக்கு அங்கிருந்து தனிச்சொல் கிடைக்காது.

——

> தாயரசி

எலினோருக்குப் பொருந்தும், மருமகளுக்குப் பொருந்தாது. எலினோரின் மகன் ரிச்சர்டு அரசர் 1191இல் சைப்ரசின் லிமாசோலில் மணந்த பெரங்காரியாவுக்குப் பிள்ளை இல்லை. 1199இல் ரிச்சர்டு இறந்ததும் அவரும் டவேஜர்தான், யாருக்குத் தாய்? 'முன்னாள் அரசி'யும் தவறு. கணவன் இறந்தாலும் அரசி என்ற பட்டம் நீங்குவதில்லை. 'கைம்மைக் கோத்தேவி' என்போம்.

டவர் சீதனம் அன்று, திசையே வேறு. சீதனம் பெண் வீட்டிலிருந்து வருவது, டவர் கணவன் சொத்திலிருந்து. ஜீவனாம்சமும் ஆகாது, டவரை மணத்தின்போதே குறித்துவிடுவார்கள். இந்திய முஸ்லிம் சட்ட நூல்களில் இதே ஆங்கிலச் சொல் மணமகன் மணமகளுக்குத் தரும் மஹரைக் குறிப்பதால், அகராதியைப் பார்த்து அப்படியே எடுத்தால் இங்கே பெரும் அபத்தமாகும். பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் வழக்கமான அளவு கணவன் நிலத்தில் மூன்றில் ஒன்று என்பதால் 'கைம்மைப்பங்கு' பரிந்துரைக்கிறேன். பங்கு என்றதும் விற்கலாம் என்று தோன்றும். முதல் முறை வருமிடத்தில் 'ஆயுள் உரிமை மட்டும்' என்று சேர்த்துவிடுங்கள்.

பெரங்காரியாவின் பங்கை, ரிச்சர்டுக்குப் பின் அரசரான தம்பி ஜான் தராமல் இழுத்தடித்தார். பெரங்காரியா நார்மண்டியில் தமக்குரியதை விட்டுக்கொடுத்து, 1204இல் பிரான்சு அரசர் பிலிப்பிடம் ல மான் நகரைப் பெற்றார். இந்த வரியில் 'சீதனம்' என்று எழுதிப் பாருங்கள், வழக்கே தலைகீழாகிவிடும்.

——

நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஹென்றி இறந்த 1189 முதல் 'கைம்மைக் கோத்தேவி எலினோர்', 1191 முதல் 'கோத்தேவி பெரங்காரியா' என்று திருத்துகிறேன். 1199க்குப் பின் எலினோர் இறக்கும் 1204 வரை இருவருமே கைம்மைக் கோத்தேவியர். அந்தப் பத்திகளில் பெயரில்லாமல் பட்டத்தை மட்டும் எழுதக்கூடாது.