105 இடத்தில் பள்ளிப் பையன்களுக்கு எத்தனை? கணக்கு வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆள்சேர்ப்பைக் கவனிக்கும் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். 2021-ல் ஒருமுறை மட்டும் சீசனை இழக்காமல் கல்லூரி மாறலாம் என்றார்கள். 2024-ல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. பள்ளி வீரர் கல்லூரியில் சேர டிசம்பர் தொடக்கத்திலேயே கையெழுத்திடுகிறார். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்ததோ 2026 ஜனவரி 2 முதல் 16 வரை. ஒரே மாதத்தில் அவர் இடத்துக்கு 22 வயது லைன்மேன் வந்து நிற்கலாம். அஃபென்சிவ் லைனில்தான் (பந்து வைத்திருக்கும் அணிக்காகத் தடுத்து நிற்கும் முன்வரிசை) இது ரொம்ப உறுத்துகிறது: உடம்பு தேற இரண்டு, மூன்று வருஷம் ஆகும், அதுவரை காத்திருக்க கோச்சுக்கு ஏது நேரம்?

கல்லூரிகளே வீரர்களுக்குப் பணம் தர வழிசெய்த ஹவுஸ் வழக்குச் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் இப்போது அணிக்கு 105 பேர்தான். பொசிஷன்வாரியாக, பள்ளியிலிருந்து வந்தவர், போர்ட்டலில் வந்தவர் என்று பிரித்த பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா? போர்ட்டலில் பெயர் ஏறினால் பழைய கல்லூரி அந்தப் பருவ முடிவில் உதவித்தொகையை நிறுத்தலாம். அப்படி இடமில்லாமல் நின்றவர்களின் விவரமும் இருந்தால் பகிருங்கள்.