புதுப்பிப்பு: ஹாஸ்கெல் சார்ட் வேக ஒப்பீடு

பாடநூல்களில் வரும் சின்னஞ்சிறு குவிக்சார்ட்டையும் (பட்டியலைப் பிரித்துப் பிரித்து வரிசைப்படுத்தும் முறை) ஹாஸ்கெல் என்ற நிரலாக்க மொழியின் நூலகத்தில் தயாராக உள்ள சார்ட்டையும் (வரிசைப்படுத்தும் செயல்கூறு) ஒப்பிடப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

ஏற்கெனவே ஏறுவரிசையில் உள்ள பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள், வேறுபாடு மலைக்க வைக்கிறது! முதல் உறுப்பை வைத்துப் பட்டியலைப் பிரிக்கும் குவிக்சார்ட், ஒவ்வொரு கட்டத்திலும் சிறியவற்றுக்கு ஒருமுறை, பெரியவற்றுக்கு ஒருமுறை என மீதிப் பட்டியலை இருமுறை வடிகட்டுகிறது. 10,000 எண்களுக்கு ஏறத்தாழ 10 கோடி ஒப்பீடுகள். நூலகச் சார்ட்டுக்கோ வெறும் 9,999 போதும். அது மெர்ஜ்சார்ட் வகை, அதாவது வரிசையான துண்டுகளை இணைத்து வரிசைப்படுத்தும் முறை. பட்டியலில் ஏற்கெனவே உள்ள ஏறுவரிசை, இறங்குவரிசைத் துண்டுகளை முதலில் கண்டுபிடித்து, பிறகே இணைக்கிறது. எவ்வளவு அழகான வடிவமைப்பு!

நீங்களும் அளப்பதாக இருந்தால், விடையின் முதல் உறுப்போடு நின்றுவிடாதீர்கள். ஹாஸ்கெல் தேவைப்படும் அளவுக்கு மட்டுமே கணக்கிடும் மொழி. கடைசி உறுப்புவரை கேட்டால்தான் முழு வேலையும் நடக்கும்.