கிளிநொச்சியில் காணி வாங்க எப்படிப்பட்ட சட்டத்தரணியிட்டப் போகலாம்?

பரந்தன்சந்தி:
பரந்தன் பக்கம் 8 பரப்பு பார்த்திருக்கிறன், விலை 20 இலட்சம். விற்கிறவர், தன்ர சட்டத்தரணியிட்டயே உறுதி (விற்பனைப் பத்திரம்) முடிப்பம், செலவு குறையும் எண்டு சொல்லுறார். கையில தந்தது ஒரு பத்திரப் பிரதியும் பழைய அளவைப் படமும். பிறகு வீடும் கட்ட வேணும். சட்டத்தரணியிட்ட முதல் நாள் என்ன கேட்கிறது?

குளக்கட்டு:
விற்கிறவரின்ர ஆளிட்டப் போகாதேங்கோ. உறுதி எழுதுற சட்டத்தரணி, நொத்தாரிசா அத்தாட்சிப்படுத்துறது கையெழுத்தை மட்டும். உரித்து உண்மையோ எண்டு தேடிப் பார்க்கிறது வேற வேலை. அதைச் செய்யிற ஆள்தான் உங்களுக்கு வேணும். “காணிப் பதிவகத்தில எத்தனை வருசம் பின்னுக்குத் தேடுவீங்கள், தேடினதை எழுத்தில தருவீங்களோ?” எண்டு கேளுங்கோ. வழமையாக 30 வருசம். பத்து வருசத்தோட நிப்பாட்டினால் அதுக்கு முந்தின ஈடோ (அடமானம்) பங்கு பிரிக்கிற வழக்கோ கண்ணில படாது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ள இருந்தது. பழைய உறுதியளில அந்தப் பேர்தான் கிடக்கும். அந்தத் தொடரை அறுபடாமல் பிடிக்கத் தெரிஞ்சவராப் பாருங்கோ. தேடல் முடியும் வரை முற்பணம் குடுக்காதேங்கோ.

முல்லைமண்:
எல்லாத்துக்கும் முதல் அந்தப் பிரதியின்ர தலைப்பை வாசியுங்கோ. வன்னியில குடியேற்றத் திட்டக் காணி கனக்க. “அனுமதிப்பத்திரம்” அல்லது “அளிப்பு” எண்டு இருந்தால் அது அரசு குடுத்த காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள்ள வரும். பிரதேச செயலாளரின்ர எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே எடுக்காமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. “இப்ப அற்றோணியில எழுதுவம், பிறகு மாத்தலாம்” எண்டு ஒரு சட்டத்தரணி சொன்னால் எழும்பி வாங்கோ. அற்றோணித் தத்துவம் எண்டது, தனக்காகச் செய்யச் சொல்லி இன்னொருவருக்குக் குடுக்கிற அதிகாரம். குடுத்தவர் செத்தால் அதுவும் போச்சு, காணி பின்னுரித்தாளருக்கு, அதாவது அவருக்குப் பிறகு உரித்தாகிறவருக்கு.

தனியார் உறுதிக் காணியெண்டால் தேசவழமையைப் பார்க்க வேணும், அது வடபகுதித் தமிழரின்ர வழமைச் சட்டம். பங்குக் காணியில மற்றப் பங்காளிக்கு முதலில வாங்குற உரிமை இருக்கு. தேசவழமைக்குட்பட்ட, கலியாணம் செய்த பெண் விற்கிறதெண்டால் கணவரின்ர எழுத்துச் சம்மதம் வேணுமோ எண்டும் பார்க்க வேணும். இதுகளைத் தானாக் கேட்காத சட்டத்தரணி உங்களுக்குச் சரிவராது.

பரந்தன்சந்தி:
நன்றி. செலவு?

குளக்கட்டு:
முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%. 20 இலட்சத்துக்கு 3,000 + 76,000 = 79,000 ரூபா. தேடல், எழுத்துக்கூலி, பதிவு மூண்டையும் பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்கோ. கையெழுத்து வைச்சதோட வேலை முடியாது. பதிவு பிந்தினால், வேற ஒருவர் பிறகு எழுதின உறுதியை முந்திப் பதிஞ்சு உங்களுக்கு முன்னுக்கு நிக்கலாம். உறுதியில பதிவகக் குறிப்பு விழுந்ததைக் கண்ணால பார்த்து வாங்குங்கோ.

முல்லைமண்:
வீட்டுக்கு: புது அளவைப் படம் கீறுவியுங்கோ. எல்லையில “வாய்க்கால்” எண்டிருந்தால் அதுக்கு விட வேண்டிய ஒதுக்கு நிலம் எவ்வளவு போகுதெண்டு பாருங்கோ. பிரதேச சபையில, வீதிக்கு எவ்வளவு விட வேணும் எண்டு காட்டுற வீதிக்கோட்டுச் சான்றிதழும் எடுங்கோ. வயல் காணியெண்டால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் மண் நிரப்பேலாது. உறுதி சுத்தமா இருந்தாலும் அங்க வீடு எழும்பாது.