பிளேக் வந்தால் எலியைக் கொல்வதற்கு முன் பூச்சிமருந்து அடிப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். என் பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில், வீட்டுக்குள் எலி தானாகச் செத்து விழுந்தால் ஊரே வீடுகளைப் பூட்டிவிட்டு வயலில் குடிசை போட்டுத் தங்குமாம். எலிதான் காரணம் என்றால் எலிகளைக் கொன்றால் போதாதா? முதலில் பூச்சிமருந்து அடித்துவிட்டுத்தான் எலியை ஒழிக்க வேண்டும் என்று படித்தேன். இந்த வரிசை எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1:
உங்கள் பாட்டியின் ஊரார் செய்தது சரியே. பிளேக் அடிப்படையில் எலி போன்ற கொறிக்கும் விலங்குகளின் நோய். அதை நம்மிடம் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி. எலி செத்து உடல் ஆறியதும் அதன் மேலிருந்த பூச்சிகள் வேறு இரத்தம் தேடிக் கிளம்புகின்றன. ஆகவே மருந்து அடிக்காமல் எலிகளை மட்டும் கொன்றால், பூச்சிகளை வீட்டாரின் மேல் நாமே ஏவிவிட்டதாக ஆகும்.

1898-ல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் இதைச் சோதித்துக் காட்டினார். ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் நோயுற்ற எலியைத் தெள்ளுப்பூச்சிகளோடு விட்டு, நலமாக இருந்த இன்னோர் எலியை, முதல் எலியைத் தொடவே முடியாதபடி, கம்பிவலைக் கூண்டில் அதே ஜாடிக்குள் தொங்கவிட்டார். சில நாட்களில் அதற்கும் பிளேக் கண்டது. பூச்சி இல்லாதபோது தொற்றவில்லை. இவ்வளவு தெளிவான சோதனையை அன்றைய அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் ஏற்காமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னது நெறி கட்டும் பிளேக்குக்குப் பொருந்தும். கிருமி நுரையீரலை எட்டிவிட்டால் எலியும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். இருமலில் தெறிக்கும் துளிகளே போதும். 2017-ல் மடகாஸ்கரில் சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து 2,400-க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 200-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது நுரையீரல் பிளேக்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

மறுமொழி 2:
கூடாது. நுரையீரல் பிளேக்குக்கு மருத்துவம் செய்யாவிட்டால் பிழைப்பது அரிது. அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். ஆகவே சளி, இரத்த மாதிரிகளை எடுத்த கையோடு ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளில் பொருத்தமானதை மருத்துவர் தொடங்கிவிடுவார். நோயாளியைத் தனி அறையில் வைத்து, அவரோடு நெருங்கியிருந்தவர்களுக்கும் தடுப்பாக மருந்து கொடுப்பார்கள்.