ஜப்பான் பாணி கைவேலை மரச்சாமான்: மனசுல உறுத்திக்கிட்டே இருக்கற அனுபவம் இருந்தா எழுதுங்க

சுருள்:
கிரிங்கற லேசான ஜப்பான் மரத்துல டான்சு, அதாவது டிராயர் அலமாரி, ஆறு மாசம் காத்திருந்து செஞ்சு வாங்கினது. வந்த அன்னைக்கு மேல் டிராயரை மூடறேன், கீழ இருக்கறது தானா மெதுவா ரெண்டு விரக்கடை வெளிய வருது, அதைத் தள்ளினா மேல இருக்கறது வருது. "லூசா இருக்குங்க, சரி பண்ணிக் கொடுங்க"ன்னு செஞ்சவர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசல, டிராயரை உருவி பக்கப் பலகையை ஒருதரம் தடவிட்டு திரும்பச் செருகிட்டுப் போயிட்டார். லூசா இருந்தா காத்து சந்து வழியா போயிருக்கும், அவ்வளவு நெருக்கமா இழைச்சதாலதான் உள்ள அடைபட்ட காத்து அடுத்த டிராயரைத் தள்ளுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இன்னும் அவர்கிட்ட மன்னிப்பு கேக்கல.

ஒத்தைப்பலகை:
எனக்கு நேர் எதிர். ஜார்ஜ் நக்கஷிமாங்கற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கத் தச்சர் பாணி டேபிள், ஒரே பலகை, வெடிப்பு விரியாம இருக்க அதுக்குக் குறுக்க பதிச்ச பட்டாம்பூச்சி வடிவக் கட்டை, கண்ணை எடுக்க முடியாது. காத்து நல்லா காய்ஞ்சிருந்த ஒரு ராத்திரி டப்புனு சத்தம். விடிஞ்சு பாத்தா வேற இடத்துல புது விரிசல், நகம் உள்ள போகுது. அடியில குனிஞ்சா இரும்பு ஃப்ரேமோட சுத்தி ஸ்க்ரூ! ஜப்பான் வேலைன்னா ஆணியே இருக்கக் கூடாதே.

கழுந்து:
அப்படி யார் சொன்னது? ஜப்பான்ல 7ஆம் நூற்றாண்டு ஹோர்யூஜி கோயில்லயே இரும்பு ஆணி இருக்கு, கிரி டான்சுல உட்சுகிங்கற செடியோட கட்டையில செதுக்கின மர ஆணி அடிப்பாங்க. மரம் ஈரத்துக்கு அகல வாக்குல விரியும், காய்ஞ்சா சுருங்கும், நீள வாக்குல அனேகமா அசையாது. அந்த அசைவுக்கு இடம் விடாம இறுக்கினதுதான் தப்பு, ஸ்க்ரூ என்ன பண்ணும்? நக்கஷிமா 1942ல, போர் சமயத்துல அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளிக்காரங்களை அடைச்சு வெச்ச மினிடோகா முகாம்ல இருந்தப்போ ஹிகோகவாங்கற தச்சர்கிட்ட கத்துக்கிட்ட வேலை அது, வெறும் அலங்காரமா பாக்காதீங்க.

இழைப்புளி:
நான் பட்டறையில பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். தச்சர் கன்னாவை, அதான் ஜப்பான் இழைப்புளியை, தன் பக்கமா ஒரே இழுப்பு இழுத்து, வந்த மரச்சுருளை என் உள்ளங்கையில போட்டார், அதுக்குக் கீழ என் ரேகை தெரிஞ்சுது. அவ்வளவுதான், இன்னும் கண்ணுலயே நிக்குது.

ஒத்தைப்பலகை, ஃப்ரேம்ல இருக்கற ஸ்க்ரூ ஓட்டையை பலகையோட அகல வாக்குல நீட்டி விடுங்க, வாஷர் போட்டு மிதமா முடுக்குங்க, நடுவுல இருக்கறது மட்டும் இறுக்கமா இருந்தா போதும். மேல எண்ணெய் பூசினா அடியிலயும் பூசணும், ஒரு பக்கம் மட்டும் பூசினா பலகை வளையும். ஏசி காத்து நேரா படற இடத்துல வைக்காதீங்க. சுருள், நீங்களும் டான்சுல ஈரத்துணி போட்டுடாதீங்க, தண்ணித் தடம் விழுந்தா போகாது, காய்ஞ்ச துணி மட்டும்தான். கிரி மெத்துனு இருக்கற மரம், நகம் பட்டாலே பள்ளம் விழும், மேல கனமா எதையும் வைக்காதீங்க.

ஒத்தைப்பலகை:
இப்பதான் ஓர ஸ்க்ரூ எல்லாத்தையும் கழட்டினேன். விரிசல் கண்ணெதிர ஒடுங்கிடுச்சு, இப்போ நகம் போகல. இதுக்கும் ஒரு பட்டாம்பூச்சி வைக்கணுமா, இல்ல ஒரு மழைக்காலம் தாண்டட்டும்னு விடலாமா?