புதுப்பிப்பு: கேரட் ஹாட் டாக் இந்த முறை உடையவில்லை

கேரட்டில் செய்த ஹாட் டாக் கிரில்லில் குழைந்து, கம்பி இடுக்கில் நழுவிக் கரியில் விழுந்ததென்று போன வாரம் புலம்பியிருந்தேனே, தப்பு வேகவைத்ததில்தான். இந்த முறை கத்தி நுனி லேசாகத் தடைபட்டு இறங்கும்போதே எடுத்துவிட்டேன். சோயா சாஸ், வினிகர், பூண்டு, ஸ்மோக்ட் பாப்ரிகா (புகையூட்டிய மிளகாய்ப் பொடி) கலந்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறல். கிரில்லில் போட்டதும் ஓரம் கருகி, மேல்பக்கம் சுருங்கி... அட, அந்த வாசனை! இறைச்சி மாதிரியா என்றால் இல்லை. ஆனால் கடுகு சாஸோடு பன்னுக்குள் போனதும் யாரும் கேட்கவே இல்லை.

காளான் பர்கர்தான் இன்னும் சொதப்பல். போன பதிவைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னபடி காளானை வதக்கி நீரை வற்றவிட்டேன், உருண்டை பிடிபட்டது. திருப்பும்போது ஒன்று இரண்டாகிவிட்டது. அடுத்த தடவை தட்டிவைத்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகவிட்டுப் பார்க்கிறேன்.